600 மாணவர்கள் 990 ஆவது எப்படி? தனியார் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதுவதன் கணக்கு

ஒரு பள்ளியில் 600 பேர் படிக்கிறார்கள். வருகைப் பதிவேட்டிலும் 600, கட்டண ரசீதிலும் 600. ஆனால் விளையாட்டுப் போட்டி என்று வந்துவிட்டால், அதே பள்ளியில் 990 பேர் படிப்பதாகக் கணக்கு எழுதுகிறார்கள்.

இதில் மோசடி எதுவும் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2005-ல் கொண்டுவந்த விதி இது. தனியார் பள்ளியாக இருந்தால், மாணவர் எண்ணிக்கையை 1.65 ஆல் பெருக்கு; வருகிற எண்ணை வைத்து அந்தப் பள்ளி எந்தப் பிரிவில் ஆட வேண்டும் என்று முடிவு செய். 600 x 1.65 = 990. அதாவது, இந்தப் பள்ளி இனி தன்னைவிடப் பெரிய பள்ளிகளோடுதான் மோத வேண்டும்.

ஏன் இப்படி ஒரு விதி? 'தனியார் பள்ளிகளோடு ஒரே கோப்பைக்கு மோதுவது நியாயமே இல்லை' என்று அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததுதான் காரணம். இல்லினாயில் மட்டுமல்ல, அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்தச் சண்டை இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு ஃபார்முலாவைப் போட்டுப் பார்த்துவிட்டது.

'அமெரிக்கப் பள்ளிச் சண்டை எனக்கு எதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணங்கள். 'நியாயம்' என்ற சொல்லை எண்ணாக மாற்றும்போது என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது காரணம், நம் ஊரிலும் இதே கேள்வி இருக்கிறது. கட்டுரையின் கடைசியில் அதற்கு வருவோம்.

சுருக்கமாக

- அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கு எல்லைக்கோடு உண்டு. தனியார் பள்ளிக்குக் கிடையாது. சண்டையின் வேர் இதுதான்.
- தீர்வாக மாநிலங்கள் நான்கு வழிகளை முயன்றிருக்கின்றன: பிரிப்பது, பெருக்குவது, ஜெயித்தவரை மேலே ஏற்றுவது, வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் எண்ணுவது.
- ஒவ்வொரு ஃபார்முலாவும் ஒரு அநியாயத்தைச் சரிசெய்கிறது. கூடவே இன்னொன்றை உருவாக்குகிறது.

முதலில், யார் 'பப்ளிக்'?

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊரில் பெயர்ப்பலகையில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று இருந்தால் அது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அமெரிக்காவில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசுப் பள்ளி. மக்களின் வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் கிடையாது. அங்கே பத்தில் ஒன்பது மாணவர்கள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். மீதி ஒரு பங்குதான் தனியார். அதிலும் கணிசமானவை கத்தோலிக்கத் திருச்சபையோடு தொடர்புள்ள பள்ளிகள்.

பள்ளி விளையாட்டு அங்கே சின்ன விஷயம் இல்லை. உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆண்டுக்கு 80 லட்சத்துக்கும் அதிகமான பங்கேற்புகள் என்பது அந்நாட்டுத் தேசியக் கூட்டமைப்பின் கணக்கு. கல்லூரிகள் தரும் விளையாட்டு உதவித்தொகைக்கு ஆள் தேடுபவர்கள் இந்தப் போட்டிகளைக் கவனிக்கிறார்கள். கல்லூரிச் செலவை நினைத்துப் பயப்படும் குடும்பத்துக்கு ஒரு கோப்பை, ஒரு அரையிறுதி, ஒரு நல்ல ஆட்டம் கூடப் பெரிய விஷயம்.

சண்டை எங்கே ஆரம்பிக்கிறது?

பெரிய பள்ளியும் சின்னப் பள்ளியும் மோதினால் என்ன ஆகும் என்பதிலிருந்து தொடங்கலாம். இண்டியானா மாநிலத்தில் நீண்ட காலம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கூடைப்பந்துப் போட்டிதான். 1954-ல் வெறும் 161 மாணவர்கள் படித்த மைலன் என்ற ஊரின் பள்ளி, தன்னைவிடப் பல மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பள்ளியை 32-30 என்று வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. 1986-ல் வந்த 'ஹூசியர்ஸ்' திரைப்படத்துக்குத் தூண்டுதல் அந்த வெற்றிதான்.

அந்த வெற்றியை இத்தனை ஆண்டுகள் கழித்தும் பேசுகிறார்கள் என்றால், அது அபூர்வமாக நடப்பது என்பதால்தான். 2,000 பேரிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்குவதும் 161 பேரிலிருந்து ஐந்து பேரைப் பொறுக்குவதும் ஒன்றாகாது. இண்டியானாவே 1997-ல் அந்த ஒற்றைப் போட்டியை முடித்துக்கொண்டு, மாணவர் எண்ணிக்கைப்படி பிரிவுகளைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களிலும் இதுதான் வழக்கம்: சின்னப் பள்ளி சின்னப் பள்ளியோடு, பெரியது பெரியதோடு.

இங்கேதான் சிக்கல். மாணவர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் இரண்டு பள்ளிகளும் சமம் என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை எப்படி வந்தது?

அமெரிக்க அரசுப் பள்ளி பொதுவாகத் தனக்கு ஒதுக்கப்பட்ட பகுதியில் குடியிருக்கும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளையாட்டில் ஆர்வமே இல்லாதவர், பள்ளி முடிந்ததும் பகுதிநேர வேலைக்கு ஓடுபவர், சிறப்புக் கல்வி தேவைப்படுபவர் என எல்லோரும் அந்த 600-ல் அடக்கம். தனியார் பள்ளிக்கு எல்லை கிடையாது. 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு நல்ல வீரர்கூட அங்கே சேரலாம். யாரைச் சேர்ப்பது என்பதையும் பள்ளியே முடிவு செய்யலாம்.

இரண்டும் 600தான். ஒன்று அந்தப் பகுதிக்கு வாய்த்த 600. இன்னொன்று தேர்ந்து சேர்த்த 600.

தனியார் பள்ளிகள் நிஜமாகவே அதிகம் ஜெயிக்கின்றனவா?

உச்சத்தில் பார்த்தால், ஆம். கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அமெரிக்கன் ஃபுட்பாலில் மிக வலிமையான அணிகள் மோதுவது 'ஓப்பன் டிவிஷன்' என்ற பிரிவில். பள்ளியின் அளவு அங்கே கணக்கில்லை, அணியின் பலம்தான் கணக்கு. 2016 முதல் 2024 வரை எட்டு இறுதிப்போட்டிகள் நடந்தன (2020-ல் கொரோனாவால் நடக்கவில்லை). மேட்டர் டே பள்ளி ஐந்து முறையும், செயின்ட் ஜான் பாஸ்கோ பள்ளி மூன்று முறையும் ஜெயித்தன. இரண்டும் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள். அந்த எட்டு இறுதிகளில் தோற்ற அணிகள்? டி லா சால் அல்லது செர்ரா. அவையும் கத்தோலிக்கத் தனியார் பள்ளிகளே. மொத்தம் 16 இடங்கள், பதினாறிலும் தனியார். இதில் டி லா சால், 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் தோற்காமல் இருந்த பள்ளி.

ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 16 இடங்களையும் நிரப்பியவை மொத்தமே நான்கு பள்ளிகள். 'தனியார் பள்ளிகள் ஜெயிக்கின்றன' என்பதும் 'சில தனியார் பள்ளிகள் திரும்பத் திரும்ப ஜெயிக்கின்றன' என்பதும் வேறு வேறு. முதலாவது உண்மையென்றால் எல்லாத் தனியார் பள்ளிக்கும் விதி போடலாம். இரண்டாவது உண்மையென்றால், அந்த விதி ஒருமுறைகூட ஜெயிக்காத சின்னத் தனியார் பள்ளியையும் சேர்த்துத் தண்டிக்கும். அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தின் பாதி இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

அப்போ பணம்தான் காரணமா?

ஓரளவுதான். டெக்சாஸில் ஆலன் என்ற ஊரின் அரசுப் பள்ளி 2012-ல் சுமார் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஃபுட்பால் மைதானத்தைத் திறந்தது. கல்லூரிக்கு இல்லை, ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு. 2012, 2013, 2014 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாநிலக் கோப்பையையும் வென்றது. வசதியான புறநகரின் அரசுப் பள்ளிக்கும், ஏழை நகர்ப்பகுதியின் அரசுப் பள்ளிக்கும் உள்ள இடைவெளியை 'தனியார் - அரசு' என்ற பிரிவினை காட்டவே காட்டாது.

நான்கு வழிகள்

1. பிரித்துவிடு. டெக்சாஸில் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு சங்கம், பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கு வேறு சங்கம். 2003 முதல் இரண்டு ஜெசூட் பள்ளிகள் மட்டும் விதிவிலக்காக அரசுப் பள்ளிகளின் சங்கத்தில் ஆடுகின்றன. வர்ஜீனியாவிலும் இரண்டும் தனித்தனி. நியூ ஜெர்சியில் சங்கம் ஒன்றுதான், ஆனால் கோப்பைச் சுற்றுகள் தனித்தனி.

இது எளிய வழி. பிரச்சனை என்னவென்றால், எந்த இடத்தில் கோடு போடுவது? லூசியானா 2013-ல் ஃபுட்பால் கோப்பையை, மாணவர்களைத் தேர்ந்து சேர்க்கும் பள்ளிகள், அப்படிச் சேர்க்காத பள்ளிகள் என்று இரண்டாகப் பிரித்தது. பிறகு ஒரு கேள்வி எழுந்தது: எல்லை தாண்டி மாணவர்களைச் சேர்க்கும் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றனவே, அவை எந்தப் பக்கம்? 2022-ல் வரையறையை மாற்றினார்கள். பல அரசுப் பள்ளிகள் ஒரே முடிவில் கோட்டின் அந்தப் பக்கம் போய்விட்டன.

2. பெருக்கு. இல்லினாயின் 1.65 இந்த வகை. அலபாமா 1999-லேயே 1.35 என்று வைத்தது. ஒரே பிரச்சனைக்கு இரண்டு மாநிலங்கள், இரண்டு எண்கள். எல்லாப் பள்ளிக்கும் பொருந்துகிற ஒரே சரியான எண் என்று ஒன்று கிடையாது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இல்லினாய் இன்னொன்றையும் செய்தது. 'தனியார்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'எல்லை இல்லாத பள்ளிகள்' என்று வகைப்படுத்தியது. நகரம் முழுவதிலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் சிறப்பு அரசுப் பள்ளிகளும் இதில் வந்துவிடும். பின்னாளில், சமீப ஆண்டுகளில் ஒரு விளையாட்டில் பெரிதாக ஜெயிக்காத பள்ளிக்கு அந்த விளையாட்டில் பெருக்கலிலிருந்து விலக்கும் கொடுத்தது. அதாவது, ஃபார்முலாவின் ஓட்டையை இன்னொரு விதியால் அடைத்தார்கள்.

3. ஜெயித்தால் மேலே போ. 2012-ல் இண்டியானா எடுத்த வழி இது. அரசா தனியாரா என்று பார்க்காதே, முடிவைப் பார். மாநிலக் கோப்பைக்கு 4 புள்ளி, அதற்குக் கீழே ஒவ்வொரு கட்டத்துக்கும் 3, 2, 1. இரண்டு ஆண்டுகளில் 6 புள்ளி எடுத்தால் அந்த விளையாட்டில் மட்டும் அடுத்த பெரிய பிரிவுக்கு ஏற்றம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜெயித்த மாணவர்கள் பள்ளி முடித்துப் போயிருப்பார்கள். மேல் பிரிவில் அடி வாங்குவது அவர்களின் ஜூனியர்கள். அண்ணன் வாங்கிய கோப்பைக்குத் தம்பி விலை கொடுக்கிறான். எந்தப் பள்ளிச் சலுகையும் இல்லாமல், ஒரு நல்ல கோச்சின் உழைப்பால் மட்டும் ஜெயித்த அரசுப் பள்ளிக்கும் இதே கதிதான்.

4. வெளியிலிருந்து வந்தவர்களை எண்ணு. ஒஹாயோவில் 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகள் மாற்று யோசனைகளை உறுப்புப் பள்ளிகள் ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தன. 2014-ல் ஒன்று நிறைவேறி, 2017-18-ல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட சில விளையாட்டுகளில், அணியில் இருக்கும் ஒவ்வொரு வீரரும் எங்கிருந்து வந்தார் என்று பார்த்து, அதற்கேற்பப் பள்ளியின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். அரசுப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

ஜார்ஜியா 2022-ல், எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மாணவரையும் மூன்று பேராக எண்ணியது. 700 பேர் படிக்கும் பள்ளியில் 100 பேர் வெளியிலிருந்து வந்தால், 600 + 300 = 900. நான்கில் இதுதான் பிரச்சனையின் வேருக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் ஒவ்வொரு மாணவரின் முகவரியையும் சரிபார்க்கும் பெரிய வேலையும் கூடவே வருகிறது. நண்பன் படிக்கிறான் என்று சேர்ந்தவரும், கோப்பைக்காகச் சேர்ந்தவரும் இதில் ஒன்றுதான்.

ஒரு கடிதம் உச்ச நீதிமன்றம் வரை போன கதை

எல்லை இல்லாதது ஒரு பக்கம். ஆள் பிடிப்பது இன்னொரு பக்கம். 1997-ல் டென்னசி மாநிலத்தின் பிரெண்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் ஃபுட்பால் கோச், அடுத்த ஆண்டு சேரவிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் அனுப்பினார். கீழே 'உங்கள் கோச்' என்று கையெழுத்து.

மாநிலச் சங்கம் இதை ஆள் பிடிப்பது என்றது. நான்கு ஆண்டு கண்காணிப்பு, ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து அணிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கோப்பைச் சுற்றில் ஆடத் தடை, 3,000 டாலர் அபராதம். பள்ளி நீதிமன்றம் போனது. 'அந்தப் பையன்கள் ஏற்கெனவே எங்கள் பள்ளியில் சேர ஒப்பந்தம் போட்டவர்கள்தானே, அவர்களோடு பேசுவது எங்கள் பேச்சுரிமை' என்பது பள்ளியின் வாதம்.

வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2001-ல் 5-4 என்ற பெரும்பான்மையில், விளையாட்டுச் சங்கத்தை அரசின் ஓர் அங்கமாகத்தான் பார்க்க வேண்டும், எனவே அரசியல் சாசனம் அதைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பு. பள்ளிக்கு வெற்றி. 2007-ல் நீதிபதிகள் ஒருமனதாக, ஆள் பிடிப்பதைத் தடுக்கும் விதி பேச்சுரிமையை மீறவில்லை என்றார்கள். சங்கத்துக்கு வெற்றி. ஒரு கடிதத்துக்குப் பத்து ஆண்டுகள்.

அதே 1997-ல் டென்னசி வேறொரு கோட்டையும் போட்டிருந்தது. விளையாட்டு வீரர்களுக்குக் கட்டண உதவி தரும் தனியார் பள்ளிகளைத் தனிப் பிரிவுக்கு மாற்றியது. உதவி தராத தனியார் பள்ளிகள் அரசுப் பள்ளிகளோடு ஆடலாம். 'தனியாரா' என்று கேட்காமல், 'வீரருக்குக் காசு கொடுக்கிறாயா' என்று கேட்டது.

தனியார் பள்ளிகள் என்ன சொல்கின்றன?

அவர்கள் பக்கமும் கேட்க வேண்டியதுதான். 'நாங்களும் வரி கட்டுகிறோம். எங்கள் பிள்ளைகளும் இந்த மாநிலத்தவர்கள். அப்படியிருக்க, மாநில சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் போட்டியில் எங்களுக்கு ஏன் தனி வாசல்?' பென்சில்வேனியாவில் 1972-ல் வந்த சட்டம்தான் தனியார் பள்ளிகளை மாநிலச் சங்கத்துக்குள் அனுமதித்தது. அங்கே கோப்பைச் சுற்றைப் பிரிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறதா என்பதே தீராத விவாதம்.

இன்னொரு வாதம்: கட்டண உதவி பெற்று வருபவர்களில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளும் உண்டு. தன் பகுதி அரசுப் பள்ளி சரியில்லை என்பதால் நல்ல படிப்பைத் தேடி வந்த மாணவரை, வெறும் 'பிடித்துவந்த வீரர்' என்று முத்திரை குத்துவது சரியா? இந்தக் கேள்விக்கு எந்த ஃபார்முலாவும் பதில் சொல்லாது.

சரி, நம் ஊரில்?

இங்கே கதை வேறு. நம் பள்ளிப் போட்டிகளில் மாணவர் எண்ணிக்கைப்படி பிரிவு கிடையாது. வயதுப் பிரிவும் ஆண், பெண் பிரிவும்தான். 1954-ல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்றே நடக்கின்றன. மாநில அணிகளோடு சிபிஎஸ்இ, கேந்திரிய வித்யாலயா, நவோதயா, வித்யா பாரதி போன்றவையும் தனித்தனி அணிகளாக வருகின்றன. அதாவது, நாம் பிரிப்பது பள்ளியை யார் நடத்துகிறார்கள், எந்த வாரியம் என்பதை வைத்து. பலத்தை வைத்துப் பிரிப்பதில்லை.

தமிழ்நாட்டில் குறுவட்டப் போட்டிக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஊராட்சி ஒன்றியத்தில் இருக்கும் அரசுப் பள்ளியும், நீச்சல் குளமும் முழுநேர கோச்சும் வைத்திருக்கும் தனியார் பள்ளியும் ஒரே டிராவில் வரும். யாரையும் 1.65 ஆல் பெருக்க மாட்டார்கள்.

இடைவெளி எவ்வளவு? இரண்டு எண்கள் போதும். 2024-ம் ஆண்டின் 'அசர்' ஆய்வில் பார்த்த கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டில்தான் விளையாட்டு மைதானம் இருந்தது. 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் ஓர் உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்க ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை தரலாம். 500 பேர் படிக்கும் பள்ளி என்றால் தலைக்கு 50 ரூபாய், அதுவும் முழு ஆண்டுக்கும். இதில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்ளும் கதையை நான் சொல்லவே இல்லை.

ஆனால் அமெரிக்கப் பாடம் இங்கேயும் பொருந்தும்: பெயர்ப்பலகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அரசு விளையாட்டு விடுதியில் தங்கிப் பயிற்சி பெறும் மாணவர்கள் படிப்பது பக்கத்தில் இருக்கும் அரசு அல்லது அரசு உதவி பெறும் பள்ளியாக இருக்கலாம். பல மாவட்டங்களிலிருந்து தேர்வானவர்கள் ஆடும் அந்த அணி, இல்லினாயின் மொழியில் 'எல்லை இல்லாத' அணி. அதே சமயம், தெருமுனையில் 200 பிள்ளைகளோடு நடக்கும் சின்ன மெட்ரிகுலேஷன் பள்ளியில் மைதானமே இல்லாமல் இருக்கலாம். அதுவும் தனியார்தான்.

இதில் பணயம் என்ன? சான்றிதழ். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த அளவில் ஆடினீர்கள் என்பதை வைத்துத்தான் கல்லூரியிலும் அரசு வேலையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். குறுவட்டப் போட்டியின் முதல் சுற்றில் வெளியேறும் பிள்ளைக்கு அந்த ஏணியின் முதல் படியே கிடைப்பதில்லை.

படிப்பில் இந்த ஏற்றத்தாழ்வைத் தமிழ்நாடு ஒரு எண்ணால் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதுதான். எல்லோருக்கும் ஒரே நீட் தேர்வு. சேர்க்கையில் தனி இடம். அமெரிக்காவின் நான்கு வழிகளிலும் சேராத ஐந்தாவது வழி இது.

நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை உங்கள் பழைய பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் 'மாநில அளவில் முதலிடம்' என்று படம் வந்தால், கைதட்டிவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த அணி எத்தனை பேரிலிருந்து வந்தது? அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார், எத்தனை மணி நேரம்?

தோற்ற பள்ளிக்கும் இதே மூன்றையும் கேளுங்கள். இரண்டு பக்கத்துப் பதில்களும் ஓரளவு ஒத்துப்போனால், எந்தப் பள்ளி யாருடையதாக இருந்தாலும் அது நியாயமான ஆட்டம்தான். ஒத்துப்போகவில்லை என்றால், 1.65 போட்டுப் பெருக்கினாலும் அந்த வித்தியாசம் தீராது. தோற்ற பள்ளிக்கு முதலில் வேண்டியது ஒரு மைதானமும், அதில் பிள்ளைகளோடு நிற்க ஓர் உடற்கல்வி ஆசிரியரும்தான்.